கீழே எழுதப்படுவதற்கு யார் பொறுப்பு?

அச்சு நாளிதழின் வாசகர் கடிதப் பகுதிக்கு வரும் எந்தக் கடிதமும் ஓர் உதவி ஆசிரியரின் கண்ணில் படாமல் அச்சேறாது. பெயரும் ஊரும் இருக்கின்றனவா என்று பார்ப்பார். அவதூறு இருந்தால் ஒதுக்குவார். வளவளவென்று இருந்தால் வெட்டுவார். அதே நாளிதழின் ஃபேஸ்புக் பக்கத்திலும் யூடியூப் சேனலிலும் நாள் முழுக்கக் கமெண்டுகள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை யார் படிக்கிறார்கள் என்று கேட்டால், 'சோஷியல் மீடியா டீம் பார்த்துக்கொள்ளும்' என்பார்கள். அந்த டீமில் இரண்டு மூன்று இளைஞர்கள் இருப்பார்கள். கார்டு செய்வது, ரீல் வெட்டுவது, தலைப்புப் போடுவது, அடுத்த போஸ்டுக்கு நேரம் குறிப்பது ஆகியவை அவர்களுடைய வேலை. நேற்று எத்தனை வியூஸ் என்று மாலையில் அவர்களிடம் கேட்கப்படும். கீழே மக்கள் என்ன எழுதினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஊடகங்களும் வணிக நிறுவனங்களும் இணையத்தில் ஆட்களைக் கூட்டுகின்றன. கூட்டிய இடத்தில் நடப்பதற்கு யார் பொறுப்பு, அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றுவது என்பதில் உலகெங்கும் ஏறத்தாழ நாற்பது ஆண்டு அனுபவம் சேர்ந்திருக்கிறது. அதைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது ஒன்றுதான்: கூட்டியவரே பொறுப்பு. அது ஆசிரியர் குழுவின் வேலை, சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

1985-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய 'தி வெல்' என்ற கணினிவழிக் குழுமத்தில் ஒவ்வொரு உரையாடல் அரங்கையும் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். உறுப்பினர்களின் உண்மைப் பெயர் நிர்வாகத்துக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. சில ஆயிரம் பேர் கொண்ட குழுமத்துக்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. பத்தாண்டுகள் கழித்து அமெரிக்க வீடுகளுக்கு இணைய இணைப்பை விற்ற ஏஓஎல், இதே வேலைக்கு ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களைப் பிடித்துப்போட்டது. அவர்களுக்குப் பயிற்சி உண்டு, ஷிஃப்ட் உண்டு, அறிக்கை எழுதும் கடமையும் உண்டு. சம்பளம் மட்டும் கிடையாது. இணைப்புக் கட்டணத்தில் சலுகையோடு சரி. 1999-இல் அவர்களில் சிலர் கூலி கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். 2010-இல் 1.5 கோடி டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. இந்த வேலை இலவசமாக நடக்கும் என்ற நினைப்பு இந்தத் துறை பிறந்தபோதே உடன் பிறந்தது. இன்றுவரை அது போகவில்லை.

பத்திரிகைகள் வாசகர்களுக்குக் கதவைத் திறந்தது 2000-களின் நடுவில்தான். பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் தன் கருத்துப் பகுதியை 2006-இல் பின்னூட்டங்களுக்குத் திறந்துவிட்டது. வாசகரும் எழுத்தாளரும் ஒரே பக்கத்தில் பேசப்போகிறார்கள் என்ற உற்சாகம் அப்போது உண்மையானது. பத்தே ஆண்டுகளில் பலரும் கதவைச் சாத்தினார்கள். 2013-இல் பாப்புலர் சயின்ஸ் இதழ் சாத்தியது, அதன்பின் ராய்ட்டர்ஸ், 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் என்.பி.ஆர். பொது வானொலி. என்.பி.ஆர். வெளியிட்ட கணக்கைக் கவனமாகப் படிக்க வேண்டும். 2016 ஜூலையில் அதன் தளத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 3.3 கோடிப் பேர். பின்னூட்டங்கள் 4,91,000. அவற்றை எழுதியவர்கள் வெறும் 19,400 பேர். வந்தவர்களில் இது 0.06 சதவீதம். 'மக்கள் கருத்து' என்று நாம் நம்பிப் படிப்பது பெரும்பாலும் மிகச் சிறிய ஒரு கூட்டத்தின் குரல்.

பாப்புலர் சயின்ஸ் சாத்தியதற்குச் சொன்ன காரணம் இன்னும் ஆழமானது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டொமினிக் பிராசார்டும் டீட்ரம் ஷோய்ஃபலேவும் நடத்திய ஓர் ஆய்வை அது சுட்டிக்காட்டியது. நானோ வெள்ளி பற்றிய ஒரே செய்தியை எல்லோருக்கும் கொடுத்தார்கள். சிலருக்குச் செய்தியின் கீழே நாகரிகமான பின்னூட்டங்கள். சிலருக்கு வசையும் திட்டும். வசையைப் படித்தவர்களிடம் அந்தத் தொழில்நுட்பத்தின் ஆபத்தைப் பற்றிய கருத்துகள் இரு துருவங்களாகப் பிரிந்தன. மேலே இருந்த செய்தியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கீழே இருப்பது மேலே இருப்பதன் பொருளையே மாற்றிவிடும் என்று ஆகிவிட்ட பிறகு, 'செய்திக்கு நாங்கள் பொறுப்பு, கமெண்டுக்கு இல்லை' என்று எந்த ஆசிரியரும் சொல்லிவிட முடியாது.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை 2016 ஏப்ரலில் கார்டியன் வெளியிட்ட ஆய்வு. அதுவரை வந்திருந்த 7 கோடிப் பின்னூட்டங்களை எடுத்து, எவை நீக்கப்பட்டன, யாருடைய கட்டுரையின் கீழ் நீக்கப்பட்டன என்று பார்த்தார்கள். நீக்கப்பட்டவை சுமார் 14 லட்சம், அதாவது 2 சதவீதம். மிக அதிகமாக வசைக்கு ஆளான பத்து எழுத்தாளர்களில் எட்டுப் பேர் பெண்கள். மீதி இருவர் கறுப்பின ஆண்கள். மிகக் குறைவாக வசை வாங்கிய பத்துப் பேரும் ஆண்கள். எந்தத் தலைப்புகளில் சண்டை, எவற்றில் அமைதி என்பதும் அதில் உண்டு. குறுக்கெழுத்து, கிரிக்கெட், குதிரைப் பந்தயம், ஜாஸ் இசை ஆகியவற்றைப் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் மரியாதையாகவே நடந்தன. இஸ்ரேல்–பாலஸ்தீனம் என்றதும் கொதித்தது. ஒரு பத்திரிகை தன் சொந்தத் தரவை எடுத்து, 'எங்கள் பக்கத்தில் எங்கள் பெண் எழுத்தாளர்களுக்கு இதுதான் நடக்கிறது' என்று வெளிப்படையாகச் சொன்னது பெரிய துணிவு. தமிழில் எந்த நிறுவனமாவது தன் பக்கங்களை இப்படி எண்ணிப் பார்த்தால் என்ன தெரியவரும் என்பதை நம் பெண் செய்தியாளர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

மூடிவிடுவதுதான் வழியா? இல்லை என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. நியூயார்க் டைம்ஸ் நீண்ட காலம் ஒவ்வொரு பின்னூட்டத்தையும் ஆள் வைத்துப் படித்த பிறகே வெளியிட்டது. 14 பேர் கொண்ட ஒரு டெஸ்க், நாளொன்றுக்குச் சுமார் 11,000 பின்னூட்டங்கள். அதனாலேயே பத்தில் ஒரு கட்டுரைக்கு மட்டும் பின்னூட்டம் திறந்திருந்தது. இந்தக் கட்டுப்பாட்டை நான் குறையாகப் பார்க்கவில்லை. கவனிக்க முடிந்த அளவுக்கே திறப்பது என்ற முடிவு அது. 2017-இல் கூகுள் குழுமத்தின் ஜிக்சாவோடு சேர்ந்து, தாங்கள் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்த 1.6 கோடிப் பின்னூட்டங்களைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்கினார்கள். அதன் பிறகு கூடுதல் கட்டுரைகளுக்குத் திறந்தார்கள். இயந்திரம் வேலை செய்ததற்குக் காரணம், அதற்கு முன் பத்தாண்டுகள் மனிதர்கள் உட்கார்ந்து படித்ததுதான்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நடாலி ஸ்ட்ரவுடின் குழு ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சியின் ஃபேஸ்புக் பக்கத்தில் செய்து பார்த்த சோதனை எளிமையானது. சில போஸ்டுகளின் கீழே பெயர் தெரிந்த செய்தியாளர் வந்து பதில் சொன்னார். சிலவற்றில் நிலையத்தின் பெயரில் பதில் போனது. சிலவற்றில் யாரும் பேசவில்லை. செய்தியாளரே வந்த இடங்களில் அநாகரிகப் பின்னூட்டங்கள் சுமார் 15 சதவீதம் குறைந்தன. முகம் தெரிந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தால் பேச்சின் தொனி மாறுகிறது.

நார்வே பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவான என்.ஆர்.கே.பீட்டா 2017-இல் வேறொரு வழியைக் கண்டது. பின்னூட்டம் எழுதும் முன், கட்டுரையிலிருந்து மூன்று சின்னக் கேள்விகளுக்குச் சரியான விடை சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பதினைந்து வினாடி போதும். படிக்காமலே திட்ட வருபவர் அங்கேயே நின்றுவிடுவார். படித்தவருக்கும் கோபம் சற்றுத் தணியும். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பொங்குவது நம் ஊரிலும் அன்றாடம் நடப்பதுதான்.

இனி சட்டம். எஸ்டோனியாவின் டெல்ஃபி என்ற செய்தித் தளம் 2006-இல் ஒரு படகு நிறுவனத்தைப் பற்றி எழுதியது. செய்தியில் குறையில்லை. கீழே வந்த 185 பின்னூட்டங்களில் சுமார் இருபதில் மிரட்டலும் வசவும் இருந்தன. ஆறு வாரம் கழித்து, புகார் வந்த அன்றே நீக்கிவிட்டார்கள். ஆனாலும் எஸ்டோனிய நீதிமன்றங்கள் தளமே பொறுப்பு என்றன. 2015 ஜூனில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வும் அதை ஏற்றது. விதிக்கப்பட்ட இழப்பீடு வெறும் 320 யூரோ. ஆனால் வணிக நோக்கில் வாசகரை எழுத அழைக்கும் பெரிய தளம் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்ற கோட்பாடு நிலைத்துவிட்டது.

ஆஸ்திரேலியா இன்னும் மேலே போனது. சிறார் தடுப்பு மையத்தில் வதைக்கப்பட்ட ஓர் இளைஞரைப் பற்றிச் செய்தி நிறுவனங்கள் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தன. கீழே அவர்மீது பொய்க் குற்றச்சாட்டுகள் குவிந்தன. அவர் ஃபேஸ்புக்மீதோ எழுதியவர்கள்மீதோ போகாமல் செய்தி நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டார். 2021 செப்டம்பர் 8 அன்று உயர்மட்ட நீதிமன்றம் 5–2 என்ற கணக்கில், பக்கத்தை நடத்துபவர்களும் அந்தப் பின்னூட்டங்களின் வெளியீட்டாளர்களே என்று தீர்ப்பளித்தது. அம்மாத இறுதியிலேயே சி.என்.என். ஆஸ்திரேலியாவில் தன் ஃபேஸ்புக் பக்கங்களைப் பார்க்க முடியாதபடி செய்துவிட்டது.

நம் நாட்டில் நீதிமன்றங்கள் தனி மனிதரைக் காப்பாற்றும் பக்கம் சாய்ந்திருக்கின்றன. வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றின் அட்மின் மீதான வழக்கில் 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அட்மினாக இருந்ததைத் தவிர அவருக்கு வேறு பங்கு இல்லையென்றால் அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்றது. 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் இதே திசையில் சென்றது. அது நியாயம்தான். அபார்ட்மென்ட் குழுவின் அட்மினுக்கு அதனால் ஒரு பைசா வருமானம் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்புகளின் நிழலில் லட்சக்கணக்கான சந்தாதாரர் கொண்ட செய்திச் சேனல்கள் ஒதுங்கக் கூடாது. அங்கே ஒவ்வொரு கமெண்டும் ரீச்சைக் கூட்டுகிறது, ரீச் விளம்பரமாகிறது.

இதை ஒரு செய்தியைக் கொண்டு பார்ப்போம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு. குழந்தை என்றால் போக்சோ சட்டம் இன்னும் கண்டிப்பானது. செய்தியாளருக்கு இது தெரியும். பெயரை, பள்ளியை, தெருவை எல்லாம் தவிர்த்து எழுதுகிறார். உதவி ஆசிரியர் இன்னொரு முறை சரிபார்க்கிறார். போஸ்ட் வெளியாகிறது. சிறிது நேரத்தில் கீழே ஒருவர், 'இது எங்க பக்கத்துத் தெருதான்' என்று தொடங்கி ஊர்ப் பெயரை எழுதுகிறார். அடுத்தவர் அப்பாவின் தொழிலை எழுதுகிறார். மூன்றாமவர் பெயரையே எழுதிவிடுகிறார். அதற்கு லைக்குகள் விழ, அது மேலே ஏறி முதல் கமெண்டாக நிற்கிறது. மேலே இரண்டு பேர் கவனமாக மறைத்தது கீழே அப்பட்டமாகக் கிடக்கிறது, பல நேரம் நாட்கணக்கில்.

சாதி மறுத்து மணந்தவர்கள் கொல்லப்பட்ட செய்திகளின் கீழே நடப்பது இதைவிட நுட்பமானது. வசைச் சொல் எதுவும் இருக்காது. ஒரு சிங்கப் படம், ஒரு வாள், தீப்பிழம்பு, ஓர் ஊரின் பெயர். அல்லது 'நல்ல முடிவு' என்ற இரண்டு சொற்கள். எந்தச் சாதிக்காரர் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பது அந்த மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு நொடியில் புரியும். கெட்ட வார்த்தைப் பட்டியலை வைத்துக்கொண்டு தேடும் இயந்திரத்துக்கு ஒன்றும் புரியாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கம் இன்னொரு சிக்கல். ஒரே சொல்லை ஐந்து விதமாக எழுதுவார்கள், நடுவில் புள்ளி வைப்பார்கள். கலப்புத் தமிழில் புண்படுத்தும் பேச்சைக் கண்டறிய 2020 முதல் கணினி மொழியியலாளர்கள் பொதுத் தரவுத் தொகுப்புகளை வைத்துப் போட்டிகள் நடத்துகிறார்கள். பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் இன்றைக்கு அந்தச் சிங்கப் படத்தைப் படிக்க ஊர் தெரிந்த மனிதர்தான் வேண்டும்.

மொழி தெரிந்த ஆள் இல்லாததன் விலையை இலங்கை கொடுத்தது. 2018 பிப்ரவரிக் கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் ஃபேஸ்புக்கில் பரவியது. மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தின் திகனவிலும் சுற்றுப்புறங்களிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அரசு அவசரநிலை அறிவித்து ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளைப் பற்றி உள்ளூர்ச் செயல்பாட்டாளர்கள் முன்பே புகார் செய்திருந்தார்கள். 2020 மே மாதத்தில்தான் ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

இந்த வேலையைச் செய்பவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்வியைக் கடக்க முடியாது. கொலை, சித்திரவதை, குழந்தைகள் மீதான வன்கொடுமை ஆகியவற்றின் காட்சிகளை நாளெல்லாம் பார்த்து நீக்கிய அமெரிக்க மட்டுறுத்துநர்கள் மனநலப் பாதிப்புக்காகத் தொடுத்த வழக்கில், 2020-இல் ஃபேஸ்புக் 5.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பங்கு பெறத் தகுதியுள்ளவர்கள் பதினோராயிரத்துக்கும் மேல். ரெட்டிட் தளமோ பெரும்பாலும் தன்னார்வ மட்டுறுத்துநர்களின் தோளில் நிற்கிறது. 2023 ஜூனில் நிறுவனம் வெளிச் செயலிகளுக்குக் கட்டணத்தை ஏற்றியதும் ஆயிரக்கணக்கான குழுமங்களை அவர்கள் ஒரே நேரத்தில் மூடிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு பங்குச் சந்தைக்குப் போனபோது அவர்களுக்கும் பங்கு வாங்க முன்னுரிமை தரப்பட்டது. அதுவும் காசு கொடுத்து வாங்கும் முன்னுரிமைதான்.

வணிக நிறுவனங்களின் கதையில் இரண்டைச் சொன்னால் போதும். 2010 மார்ச்சில் இந்தோனேசியக் காடழிப்போடு பாமாயிலைத் தொடர்புபடுத்தி கிரீன்பீஸ் அமைப்பு நெஸ்லேயின் கிட்கேட் சாக்லேட்டைக் கேலி செய்து ஒரு வீடியோ வெளியிட்டது. நெஸ்லே அதை யூடியூபிலிருந்து நீக்கவைத்தது. தன் ஃபேஸ்புக் பக்கத்தில், எங்கள் சின்னத்தை மாற்றி முகப்புப் படமாக வைத்திருப்பவர்களின் கமெண்டை அழிப்போம் என்று அறிவித்தது. கேள்வி கேட்டவர்களுக்குப் பக்கத்தை நடத்தியவர் எகத்தாளமாகப் பதில் சொன்னார். கூட்டம் பல மடங்கானது. மே மாதத்தில் நிறுவனம் கொள்கையையே மாற்றிக்கொண்டு, காட்டை அழிப்பவர்களிடம் வாங்குவதில்லை என்று அறிவித்தது. பக்கத்தில் இருந்தவரிடம் பாமாயிலைப் பற்றிப் பேச அதிகாரம் இருந்ததா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. பதில் சொல்லும் கடமையை மட்டும் கொடுத்து, முடிவெடுப்பவர்களை எட்டும் வழியைக் கொடுக்காவிட்டால் எந்த மனிதரும் எரிச்சலில்தான் முடிவார்.

லெகோ நேர்மாறு. 2008-இல் ஜப்பானில் சோதனையாகத் தொடங்கி இன்று 'லெகோ ஐடியாஸ்' ஆகியிருக்கும் திட்டத்தில், ரசிகர் ஒருவரின் வடிவமைப்புக்கு 10,000 பேரின் ஆதரவு கிடைத்தால் நிறுவனம் அதைப் பரிசீலிக்கிறது. விற்பனைக்கு வந்தால் வடிவமைத்தவருக்கு நிகர விற்பனையில் 1 சதவீதம். ரசிகரின் உழைப்புக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டதாலேயே அந்தக் குழுமம் நீடிக்கிறது.

நம் வங்கிகள், தொலைபேசி நிறுவனங்களின் பக்கங்களில் வேறொரு ஆபத்து. 'பணம் பிடித்துவிட்டார்கள், திரும்ப வரவில்லை' என்று ஒருவர் எழுதினால், நிறுவனம் பதில் சொல்லும் முன் வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் போலிக் கணக்கு ஒன்று வந்து ஒரு செல்பேசி எண்ணைக் கொடுக்கிறது. பதறிப்போய் இருப்பவர் அதை நம்பிக் கூப்பிட்டு, உள்ள பணத்தையும் இழக்கிறார். கவனிக்காமல் விட்ட கமெண்ட் பகுதி இங்கே மோசடிக்காரரின் கடைவாசல்.

எல்லாக் கூட்டத்தையும் பிறர் தளத்திலேயே கூட்டியதும் பெரும் பிழை. அது வாடகை வீடு. உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் விதியை மாற்றுவார். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் நண்பர், குடும்பத்தினர் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்ததும், செய்திப் பக்கங்களின் ரீச் சரிந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து கனடாவில் செய்தியையே மெட்டா நிறுத்திவிட்டது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தபோது, தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்திருந்த பலருக்கு அந்த ரசிகர்களோடு பேச வேறு வழி எதுவும் மிஞ்சவில்லை.

தமிழில் நன்றாக நடக்கும் குழுமமே இல்லையா என்றால், இருக்கிறது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் உரையாடல் பக்கம் உண்டு. பொது விவாதத்துக்கு 'ஆலமரத்தடி' உண்டு. நிர்வாகிகளைப் பயனர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். யாரை, யார், எப்போது, ஏன் தடுத்தார் என்பது எவரும் பார்க்கும்படி பதிவாகிறது. அங்கேயும் சண்டை உண்டு. ஆனால் விதி எழுத்தில் இருக்கிறது, எடுத்த முடிவுக்குக் காரணம் சொல்லப்படுகிறது. நம் செய்திப் பக்கங்களில் ஒரு கமெண்ட் ஏன் நீக்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. நீக்கப்படாதது ஏன் நிற்கிறது என்றும் தெரியாது.

தமிழ் ஊடக நிர்வாகிகளிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். கமெண்ட் விதிகளை எழுதிப் பக்கத்தின் மேலே ஒட்டுங்கள். ஷிஃப்டுக்கு ஓர் ஆளை ஆசிரியர் குழுவிலிருந்து நியமித்து, நீக்கவும் பதில் சொல்லவும் அவருக்கு அதிகாரம் கொடுங்கள். அந்த வேலையைச் சம்பளப் பட்டியலில் சேருங்கள். ஆள் இல்லாத இரவு நேரத்தில் பாலியல் குற்றம், குழந்தைகள், சாதிக் கொலை ஆகிய செய்திகளின் கீழே கமெண்டைக் கட்டுப்படுத்திவிடுங்கள். ஃபேஸ்புக் பக்கங்களில் அதற்கான வசதி 2021 மார்ச்சிலிருந்தே இருக்கிறது. யூடியூபில் அதற்கும் முன்பிருந்தே. அதற்குச் செலவும் இல்லை, எவருடைய அனுமதியும் தேவையில்லை. இன்று இரவு போஸ்ட் போடும் முன்பே செய்துவிடலாம்.